இடம் மாறிய பட்டை

செவ்வாய்க்கிழமை வகுப்பில் வலது முழங்காலில் இருந்த பட்டை, வியாழக்கிழமை இடது முழங்காலில் இருந்தது.

மல்லாந்து படுத்து, இடுப்பை மட்டும் மேலே தூக்கிய நிலையில் அருள்பாண்டி அதைப் பார்த்தான். பிலாட்டீஸில் இதற்கு பிரிட்ஜ் என்று பெயர், யோகாவில் சேதுபந்தாசனம். எந்தப் பெயரில் தூக்கினாலும் இடுப்பு ஒரே மாதிரிதான் வலிக்கும். அன்று அவனுக்கு அந்த வலியே தெரியவில்லை.

பட்டை மாட்டியிருந்தவன் அடுத்த பாயில் இருந்த சூரியபிரகாஷ்.

"மாப்ள, உனக்கு அடிபட்டது எந்த முட்டி?"

"வலது. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

இருவரும் கோச்சடைக்காரர்கள். ஞாயிறுதோறும் வைகைக் கரையோரம் ஓடும் கூட்டத்தில் அருள்பாண்டிதான் எப்போதும் முதலில் வருவான். வந்ததும் இரண்டு டம்ளர் பருத்திப்பால் வாங்கி வைத்துக்கொண்டு சூரியபிரகாஷுக்காகக் காத்திருப்பான். வருகிறவன் பால் ஆறிவிட்டதென்று குறை சொல்வான். உன் வேகத்துக்கு ஐஸ்கிரீமே ஆறிப்போகும் என்பான் இவன்.

கோடையில் அருள்பாண்டியின் இடது முழங்காலில் தசைநார் கிழிந்தது. ஆபரேஷன் முடிந்ததும், இடுப்பும் வயிறும் தொடையும் பலப்பட்ட பிறகே ஓட வேண்டும், அதுவரை பிலாட்டீஸும் யோகாவும் செய்யுங்கள் என்றார் டாக்டர். பிலாட்டீஸ் என்பது அதை உருவாக்கிய மனிதரின் பெயர். அருள்பாண்டிக்கு அது ஏதோ பலகாரத்தின் பெயராகப் பட்டது. பாயை விரித்துப் படுப்பதெல்லாம் ஒரு பயிற்சியா என்று சொல்லிவிட்டு, ஓடும் ஷூவைப் பரணில் போட்டான். கூட்டாளிகளின் போனை எடுப்பதையும் நிறுத்தினான்.

அந்தச் சமயத்தில்தான் சூரியபிரகாஷ் நொண்டிக்கொண்டே வாசலில் வந்து நின்றான். தனக்கும் வலது முட்டி போய்விட்டதாம். அதே வகுப்புக்குத்தான் போகச் சொல்கிறார்களாம். அங்கே பூராவும் பெண்களாம். தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறதாம்.

அருள்பாண்டி துணைக்குப் போனான். இவனுக்காகத்தான் வாரேன் என்று வகுப்பில் ஒருவர் விடாமல் சொல்லியும் வைத்தான். கால் கொஞ்சம் தேறியதும் அவன் ஓடத் துடித்தபோது, "ரெண்டு பேருக்கும் சரியானப்புறம் சேந்து ஓடுவோம் மாப்ள. அதுவரைக்கும் ஒருத்தன் மட்டும் ஓடக் கூடாது" என்று வாக்கு வாங்கியவனும் சூரியபிரகாஷ்தான்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும், திருமங்கலத்தில் இருக்கும் தன் உரக்கடைக்கு அருள்பாண்டி பைக்கில் கிளம்பினான். பசுமலை ஏற்றத்தில் முன்னால் ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான். யாரென்று தெரியவில்லை. ஓடும் சூரியபிரகாஷின் முதுகை அவன் இதற்குமுன் பார்த்ததே கிடையாதே; எப்போதும் முன்னால் ஓடியவன் இவனாயிற்றே. தாண்டிப் போய், கண்ணாடியில் முகத்தைப் பார்த்ததும் பைக் ஒரு ஆட்டம் ஆடியது.

பட்டை இல்லை. நொண்டல் இல்லை. மூச்சிரைப்புகூட இல்லை; ரசித்து ஓடிக்கொண்டிருந்தான்.

கடைக்குப் போனவனுக்கு மூட்டைகளை இறக்கச் சொல்லக்கூட வாய் வரவில்லை. நம்மைப் பாயில் படுக்கவைத்துவிட்டு, தான் மட்டும் ரகசியமாக ஓடிப் பழகுகிறான். இத்தனை வருஷக் கூட்டாளி. மத்தியானத்துக்குள் ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டான். வாய் பிளந்த மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

சனிக்கிழமை வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டான்.

"நேத்து பசுமலை ஏத்தத்துல ஓடுனது யாரு மாப்ள?"

சூரியபிரகாஷ் எழுந்து உட்கார்ந்தான். பிறகு, "நான்தான்" என்றான்.

"அப்ப முட்டி?"

சூரியபிரகாஷின் கை பட்டைக்குப் போனது.

"அடுத்த ஓட்டத்துல நீ முன்னாடி வந்து, எனக்குப் பருத்திப்பால் வாங்கி வச்சுக்கிட்டு நிக்கணும். அதுக்குத்தான இம்புட்டு நாடகம்?"

தூக்கிய கால்களைப் பெண்கள் தூக்கியபடியே வைத்திருந்தார்கள். யாருக்கும் இறக்கத் தோன்றவில்லை. சூரியபிரகாஷ் பட்டையைக் கழற்றினான். பாயைச் சுருட்டினான். வெளியே போய்விட்டான்.

அருள்பாண்டி விடவில்லை. பயிற்சி தரும் ரோகிணியிடம் திரும்பி, உங்களையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறான், சேர்க்கும்போது முட்டியைப் பார்க்க மாட்டீர்களா என்று கேட்டான்.

"அவர் முட்டிக்கு ஒண்ணும் இல்லைன்னு எனக்கு முதல் நாளே தெரியும். அவரே சொல்லித்தான் சேர்ந்தாரு."

"என்னன்னு சொன்னான்?"

ரோகிணி, தழும்பு ஓடிய அவனுடைய இடது முழங்காலைப் பார்த்தார்.

"'என் கூட்டாளி ஒருத்தன் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே உக்காந்திருக்கான் மேடம். தனக்கு நல்லதுன்னா வர மாட்டான். எனக்கு அடிபட்டுருச்சுன்னு சொன்னா, நொண்டிக்கிட்டாவது வந்துருவான்'னாரு."