இப்போதைக்கு ஒன்றுமில்லை

கார்த்திகைக்குப் பிறகு பூவிழி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் விட்டுப் போகவும் இல்லை. கதிரவனின் திரையில் அவள் பெயருக்கு எதிரே பச்சைப் புள்ளி அப்படியே இருந்தது.

"அதை வெட்டி வுடுங்க சார்," என்றாள் ஆபீஸிலிருந்து போனில் பேசிய சுசித்ரா. "புதுசா வர்ற விவசாயிங்களுக்கு சர்வர்ல எடமே இல்ல. செத்த கனெக்‌ஷனெல்லாம் சட்டமா குந்திக்கிட்டு இருக்குது."

பூவிழி ஒரு பெட்டி. போனிலிருந்தே மோட்டாரைப் போடுவதற்காக, பொம்மிடிப் பக்கம் மாமனார் மாரப்பனின் போர்வெல்லில் கதிரவன் மாட்டிய முதல் பெட்டி. அதற்குத் தன் பெயரை வைத்தவள் அவன் மனைவி. கார்த்திகையில் காய்ச்சலில் போனாள்.

"செத்துப்போச்சுன்னு எப்படிச் சொல்ற? பூஜ்யம் வரலையே."

அவன் எழுதிய நிரல் எந்தப் பெட்டிக்காகவும் காத்து நிற்பதில்லை. பெட்டிகளின் செய்தி வந்து சேரும் ஒவ்வொரு சாக்கெட்டையும் எட்டிப் பார்க்கும். செய்தி இருந்தால் எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் அடுத்ததற்குப் போய்விடும். பூஜ்யம் வந்தால், எதிர்முனை முறையாகச் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டது என்று அர்த்தம். பூவிழியை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கிடைத்தது, 'இப்போதைக்கு ஒன்றுமில்லை.'

"சொல்லிக்கிட்டுப் போனாத்தான் சார் பூஜ்யம். ஒயரை அறுத்துட்டாலும் 'ஒன்னுமில்ல'ன்னுதான் வரும். அந்தப் பக்கம் நின்னு பாத்தா நாமளும் இருக்கமா இல்லையான்னு தெரியாது. எதையாச்சும் அனுப்பிப் பாத்தாத்தான் தெரியும். நீங்கதான எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

அவன்தான். மற்ற பெட்டிகளுக்கெல்லாம் காலையிலேயே அனுப்பி, பதில் வராதவற்றை வெட்டியும் விட்டான்.

"அந்த போரே வறண்டு போச்சுன்னாங்க. அதுக்கு யாரு கரண்டு குடுத்து வெச்சிருப்பாங்க? உங்க மாமனாரையாச்சும் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. காரியம் முடிந்து வந்தபின் அவன் அந்தப் பக்கம் போகவேயில்லை. மாரப்பன் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவும் இல்லை. கொஞ்ச நாளில் அவரும் விட்டுவிட்டார்.

அனுப்பாதவரை பச்சை. அனுப்பிப் பதில் வராவிட்டால், அவள் பெயரை அவனே அழிக்க வேண்டும்.

"நீங்க அனுப்பறீங்களா, நான் அனுப்பட்டுமா?"

அவனே அனுப்பினான். ஒரே ஓர் எழுத்து. திரையில் ஒன்றுமில்லை. மறுபடி பார்த்தான், ஒன்றுமில்லை. இணைப்பை வெட்டும் கட்டளையை அடித்து முடித்தபோது பதில் வந்தது.

"வந்துருச்சா? தண்ணியில்லாத போர்லருந்தா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் குறுக்கே இன்னொரு அழைப்பு. மாரப்பன். இந்த முறை எடுத்தான்.

"மாப்ள, பொட்டியில லைட்டு மினுக்குச்சுங்க." பெரியவருக்கு மூச்சு வாங்கியது. "நீங்க எதாச்சும் அனுப்புனா மினுக்கும்னு பூவிழி சொல்லியிருந்துச்சு. அதுக்குன்னே கரண்டை நிறுத்தாம வெச்சு, கொல்லைக்கு வரும்போதெல்லாம் பாத்துட்டிருந்தேன்."

கதிரவன் அடித்து வைத்திருந்த கட்டளையை அழித்தான்.

"நீங்க உசுரோடதான் இருக்கீங்கன்னு உங்க அத்தைகிட்ட சொல்லிரட்டுங்களா?"