அக்காவின் ஏற்பாடு

"மாத்திரை யார் குடுப்பீங்க?" மனநல ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டார்.

"நான்தான். காலையில ஒண்ணு, ராத்திரி ரெண்டு," என்றாள் ஏவ்லின்.

"தூங்காம தவிச்சா?"

"அன்னிக்கே இங்க கூட்டியாந்துடுவேன். கத்தியெல்லாம் பூட்டி வச்சிட்டேன். அறையோட உள்தாழ்ப்பாளையும் கழட்டியாச்சு."

தம்பி எட்மோன் முகம் மலர்ந்தது. "அக்கா, கான் ஹொய்ல இருக்கற நம்ம வீட்டுக்கேவா?"

டாக்டருக்குத் திருப்தி. "குடும்பப் பதிவேட்டைக் குடுங்க. இவர் பேரைப் பார்த்துட்டு அனுப்பிடறேன். ரேஷன் அரிசிக்கும் அதுதானே வேணும்?"

அதைக் கேட்கமாட்டார்கள் என்றே நம்பி வந்திருந்தாள். பைக்குள் போன கை வெளியே வரவில்லை.

நான்கு வருடங்களுக்கு முன் பிரான்சுக்குப் போக மனுப் போட்டாள். புத்தி சரியில்லாத தம்பி இருந்தால் விடமாட்டார்களோ என்று பயந்தாள். மனு தள்ளுபடியாகிவிட்டது. பதிவேட்டில் எட்மோன் பெயருக்கு எதிரே அவள் சொல்லி எழுதவைத்தது மட்டும் அப்படியே இருந்தது: 'இறந்துவிட்டார்.'