ஆத்தூர்த் தண்ணி

“அக்கா, நீங்க குடிக்கிறது குழாய்த் தண்ணியா?” பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினான் விக்னேஷ்குமார். அந்தத் தண்ணீர்க் கம்பெனியில் சேல்ஸ் வேலைக்குச் சேர்ந்து அன்று இரண்டாவது நாள்.

“ஆமா தம்பி, ஆத்தூர் டேம் தண்ணி. காய்ச்சித்தான் குடிக்கிறோம்” என்றாள் நர்கீஸ்.

“இந்தக் காலத்துல அதெல்லாம் ஆகாதுக்கா. இது ஏழு தடவ சுத்தம் பண்ணினது.”

“இருக்கட்டும். குடிச்சிட்டு வீசுற பாட்டில் எங்க போகுது? நேத்து எங்க வாசல் சாக்கடை அடைச்சுக்கிச்சு. குத்தி எடுத்தா அம்புட்டும் இதே லேபிள்.”

அவன் அசரவில்லை. “அதுலயே தெரியலையாக்கா? உங்க தெருவே எங்க தண்ணியத்தான் குடிக்குது!”

“சரி, உங்க முதலாளி வீட்ல?”

“என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? அவரு வீட்ல பச்சப்புள்ளைக்குக்கூட இதுதான். வேற தண்ணிய வாயில வைக்க மாட்டாங்க.”

நர்கீஸ் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“என்னங்க, செத்த இங்க வாங்க. நம்ம வீட்ல என்ன தண்ணி குடிக்கிறோம்னு இந்தத் தம்பி சொல்லுது, கேளுங்க.”

காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்ச் சொம்போடு வெளியே வந்தார், முந்தாநாள் இன்டர்வியூவில் அவனை வேலைக்கு எடுத்த முதலாளி அப்துல் வாஹித்.