கூட்டம் இல்லாத கரும்புத் தோட்டம்

மழைக்காலத்துக்கு முன் கிடைத்த ஒரே விடுமுறை நாள் அது. பெரிய ஓவியக்கூடத்துக்குப் போய்வர, சித்தெறும்பு ஒரு வாரமாகத் திட்டம் போட்டிருந்தது.

"கதவு திறந்ததும் நுழையறோம். மூணாவது அறையில சுவர் நீளத்துக்கு ஒரு கரும்புத் தோட்டம் வரைஞ்சிருக்காங்களாம். அதை மட்டும் ஆற அமரப் பார்க்கிறோம். எந்த வரிசையிலயும் நிக்கக் கூடாது, தெரியுதா?"

"சத்தியமா நிக்க மாட்டேன்," என்றது கட்டெறும்பு.

மூன்றாவது அறைக்குள் ஈ காக்கை இல்லை. எதிர்ப்பக்கத்திலோ நீளமான வரிசை.

"இங்க ஒருத்தரும் இல்லையே, சுமாராத்தான் இருக்கும் போல," என்றது கட்டெறும்பு. "அங்க பாரு, எத்தனை பேர்!"

சித்தெறும்புக்கும் கால் துறுதுறுத்தது. பிறவிப் பழக்கம், என்ன செய்ய? இரண்டும் ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றன. ஒன்றரை மணி நேரம் நகர்ந்து கேன்டீனை அடைந்தன. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள், பளிச்சென்ற விளக்கின் கீழ், ஒரு போண்டா.

சாயங்காலம் புற்றே கூடிவிட்டது. "எப்படி இருந்தது?"

"என்ன ஒரு பொன்னிறம்! என்ன ஒரு உருண்டை!" என்றது சித்தெறும்பு. "ஜனங்களுக்குத்தான் ரசனை போதாது. நாங்க மெய்மறந்து பார்த்துக்கிட்டிருக்கோம், பக்கத்துல ஒருத்தர் சட்னி கேக்கறார்."