பாப்பேக்கு ரெண்டு நிமிஷம்

டேவிக்கு வலது தோள் கழன்று விழுந்துவிடும்போல வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விமானத்தில் ஏறியவன், விமானியின் காதில் ஏதோ சொன்னான். விமானி அவனை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

எட்டுப் பேர் உட்காரும் விமானத்தில் இன்று இரண்டே பேர். பக்கத்து இருக்கையில் தோரா, மடியில் ரொட்டிப் பையோடு.

“என்னண்ணே, மெதுவா ஓட்டச் சொல்லிட்டு வர்றியா?”

“ஆமா.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “இங்க வெஸ்ட்ரே தீவுல ஏறினா அங்க நம்ம பாப்பே தீவுல இறங்கப் போறோம். ரெண்டே நிமிஷம், ஊத்தின டீ கூட ஆறாது. எந்த அலையிலயும் நண்டு பிடிக்கப் போற ஆளு, இதுக்கா இப்பிடி நடுங்குற?”

விமானம் உறுமிக்கொண்டு எழும்பியது. விமான நிலையக் கொட்டகையில் காத்திருந்தபோதே டேவி அவளிடம் வாயைத் திறந்திருக்க வேண்டும், தைரியம் வரவில்லை.

“எப்பவும் உன் படகுலதான வருவ? படகு எங்க?”

“இல்ல.”

“ரிப்பேரா?” பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. “அதென்ன கால்சட்டை, கணுக்காலுக்கு மேல நிக்குது? சின்னப் பையனோடதப் பிடுங்கி மாட்டிக்கிட்டியா?”

“வெஸ்ட்ரேல ஒருத்தர் குடுத்தாரு.”

கீழே கடல் நுரைத்துக் கிடந்தது. டேவி கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

“கண்ணைத் திறண்ணே, ஊரு வந்துருச்சு. இன்னிக்கு என் வீட்டுக்காரர் எர்லண்டுக்குத்தான் ஓடுபாதையில தீயணைப்பு வண்டி முறை. விடியக்காலம் கடலுக்குப் போனாலும் விமானம் இறங்குறதுக்குள்ள வந்து நின்னுருவாரு. என்னைப் பார்த்ததும் கோமாளி மாதிரி ரெண்டு கையையும் ஆட்டுவாரு பாரு.”

புல்தரை ஓடுபாதை பக்கத்தில் வந்துவிட்டது. விமானி திரும்பி டேவியைப் பார்த்தார். டேவி ‘இல்லை’ என்று தலையசைத்தான். விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு தீவை இன்னொரு சுற்று சுற்றப் போனது.

“இதென்ன, இறங்காமப் போறாரு?” தோரா கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தாள். சிவப்பு வண்டியருகே ஆட்கள் நின்றார்கள். ஒருவர் தலையிலும் தொப்பி இல்லை, கையில் பிடித்திருந்தார்கள். யாரும் கை ஆட்டவில்லை.

“எர்லண்டைக் காணோமே… அண்ணே, அவரு எங்க?” அவள் டேவியின் வலது கையைப் பற்றினாள். அவன் அலறிவிட்டான்.

“ஐயோ! கையில என்ன?”

விமானம் மறுபடியும் ஓடுபாதைக்கு நேராகத் திரும்பியது. இனி சுற்று இல்லை.

“காலையில என் படகு கவுந்துருச்சு. எர்லண்ட் தன் படகை ஓட்டிட்டு வந்து, இந்தக் கையைப் பிடிச்சு என்னை மேல இழுத்துப் போட்டான். அடுத்த அலை அவனை அடிச்சிட்டுப் போயிருச்சு. நான் மட்டும் அவன் படகுல வெஸ்ட்ரே கரை சேர்ந்தேன்.”

சக்கரம் தரையைத் தொட்டது.

“தோரா, உன் புருஷன் உசுரு நான் உனக்குத் தர வேண்டிய கடன்.”