தம்பிக்கு ஒரு சந்தேகம்

“இந்தத் தம்பிக்கு எத்தன தடவ சொன்னாலும் மண்டையில ஏறாது போல” என்று கம்ப்யூட்டரைப் பார்த்து அலுத்துக்கொண்டாள் ஜோஸ்மி.

“பொண்ணு பாக்க ஆளு வாற நேரத்துல இதென்னட்டி தம்பி?” என்று கேட்டுக்கொண்டே மல்லிகைச் சரத்தோடு வந்து மகளின் தலையைப் பிடித்தாள் அம்மா சுகிர்தராணி.

அது முகம் தெரியாத தம்பி. இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கும் ஜோஸ்மி, ப்ராஜெக்டுக்காகச் செவ்வாய்க் கிரகத்தையே கம்ப்யூட்டருக்குள் கட்டிக்கொண்டிருந்தாள். நாசா இலவசமாகத் தரும் உயரக் கணக்குகளை எடுத்து, மலையும் பள்ளத்தாக்குமாக எழுப்பியிருந்தாள். மவுஸை நகர்த்தினால் அதன்மேல் பறந்தே போகலாம்.

இன்டர்நெட் ஃபோரத்தில் ‘ஜோஸ்மி, அல் ஐன்’ என்று சொந்தப் பெயரும், அமீரகத்தில் தான் இருக்கும் ஊரும் போட்டே எழுதுவாள். அங்கே ‘நியூஸ்டூடண்ட்’ என்றொரு ஜீவன், தானும் ஒரு செவ்வாய் கட்டுகிறேன் என்று சந்தேகம் கேட்டுக் கேட்டு அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. கேள்வியெல்லாம் அரிச்சுவடியாக இருக்கவும், ஏதோ முதல் வருடப் பையன் என்று இவளே தம்பியாக்கிவிட்டாள். அந்தப் பக்கமும் ‘சரிக்கா, சரிக்கா’ என்று அடங்கிப்போனது. இப்போதைய தகராறு, தம்பியின் செவ்வாயில் பள்ளமெல்லாம் மலையாக நிற்கிறதாம். மைனஸ் குறியைக் கவனி என்று எழுதியாயிற்று. இரண்டு நாளாகப் பதிலே காணோம்.

சுகிர்தராணிக்கு வேறு கவலை. குவைத்தில் மங்காஃபிலிருந்து தாங்களாகவே கேட்டு, விமானம் ஏறி வரும் சம்பந்தம். பையனின் அம்மா பள்ளிக்கூட டீச்சர். ரொம்பக் கறார் என்று கேள்வி. கம்ப்யூட்டர் பேச்சையே எடுக்கக் கூடாது, எது கேட்டாலும் ‘உங்க இஷ்டம் அத்தை’ என்று சொல்லிவிட வேண்டும் என்று மகளுக்குப் பாடம் நடத்தினாள்.

போட்டோவில் பார்த்ததுமே பையன் விஜினை ஜோஸ்மிக்குப் பிடித்துப்போயிருந்தது. அதுதான் வம்பே. கம்ப்யூட்டரையும் விட முடியாது.

வந்தார்கள். விஜின் போட்டோவைவிட நன்றாகவே இருந்தான். அவன் அம்மாவோ பெண்ணை விட்டுவிட்டு, நேரே மூலையிலிருந்த கம்ப்யூட்டரிடம் போய் நின்றார். அவசரத்தில் அணைக்க மறந்த செவ்வாய், திரையில் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது.

“இது முழுக்க நீயே செஞ்சதா?”

“ஆமா அத்தை.”

“கல்யாணத்துக்குப் பொறவும் இதுக்கு முன்னாலதான் உக்காருவியோ?”

அப்பா செல்வசிங்கின் காபி டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியிலேயே நின்றது. சுகிர்தராணி மகளின் முதுகில் நறுக்கென்று கிள்ளினாள். ‘உங்க இஷ்டம் அத்தை’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இன்றைக்கு இதைச் சொன்னால், நாளைக்குச் செவ்வாயை மூட்டை கட்டிப் பரணில் போட வேண்டியதுதான் என்று ஜோஸ்மிக்குப் பட்டது.

“உக்காருவேன் அத்தை. அத விட்டா எனக்கு இருப்புக் கொள்ளாது. தப்பா எடுத்துக்கிடாதீங்க” என்றாள்.

சம்பந்தம் போச்சு என்று சுகிர்தராணி கண்ணை மூடிக் கர்த்தரைக் கூப்பிட்டாள். விஜினின் அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பெண்ணோடு தனியாக இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று சொல்லி, ஜோஸ்மியைப் பால்கனிக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். திட்டு விழப்போகிறது என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த அம்மா கண்ணாடிக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, ஜோஸ்மியின் காதோரம் குனிந்தார்.

“மைனஸ் குறிய மாத்திப் பாத்துட்டேன்க்கா. பள்ளம் இன்னும் மலையாத்தான் நிக்கு.”