அக்டோபர் இரண்டாம் ஞாயிறு

"செத்தவருக்கு வருஷா வருஷம் பூ வைக்கிறீங்களே, வாழப்போற பொண்ணுக்கு ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை விட்டுக்கொடுத்தா என்ன குறைஞ்சிடும்?"

லோரெய்ன் போட்ட கத்தலில், ஆராதனை முடிந்து கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையை வாயருகிலேயே நிறுத்திக்கொண்டார்கள். கிழவி ஆர்டிஸுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. ஏதோ காய்ச்சலில் போனது என்பாள். அவளோடு சண்டை போடுவதானாலும் வலப்பக்கம் நின்றுதான் போடவேண்டும். லோரெய்ன் சரியான பக்கம்தான் நின்றிருந்தாள்.

"அக்டோபர் ரெண்டாவது ஞாயிறு என்னோடது." சுவரில் தொங்கிய பூ அட்டவணையை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள் ஆர்டிஸ். "மீதி அம்பத்தொரு வாரம் இருக்கே, எடுத்துக்கோ."

"என் பொண்ணு கார்லிக்கு அதுக்கு முந்தின சனிக்கிழமைதானே கல்யாணம்! கல்யாணப் பூவை மறுநாள் பீடத்துல வைக்கிறதுதான் இங்க வழக்கம். உங்களுக்காக மாப்பிள்ளையைத் தள்ளிவைக்கச் சொல்லட்டுமா?"

"சொல்லிப் பாரு. நல்லவனா இருந்தா காத்திருப்பான்."

கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம் முன்னால், அட்வென்ட் முதல் ஞாயிறன்று புனித பர்னபா ஆலயத்தில் அடுத்த வருடத்து அட்டவணை தொங்கும். யார் எந்த வாரத்தில் பெயர் எழுதுகிறார்களோ, அந்த வாரம் பீடத்துப் பூ அவர்களுடையது. போதகர் ரெவரெண்ட் ஜூன் பஞ்சாயத்து பண்ணுவார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தால், அவர் ப்ளூபெர்ரி கேக் இருந்த பக்கம் நழுவிவிட்டார்.

ஆகவே வழக்கு ஆலயச் செயலாளர் நெட்டியிடம் வந்தது. அதாவது, நெட்டி வழக்கைத் தேடிப் போனாள். இரண்டு பேரையும் தன் அலுவலக அறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தாள்.

ஆர்டிஸின் கணவர் எவரெட் என்றால் நெட்டிக்கு உயிர். இருபத்திரண்டு வருடம் சபையின் தலைமை நிர்வாகி. வாசலில் நின்று ஒவ்வொருவர் கையையும் குலுக்குவார். அந்தப் பெரிய வலது கையைப் பிடிக்காமல் யாரும் உள்ளே போனதில்லை. பக்கவாதம் வந்து கடைசி நான்கு வருடம் சக்கர நாற்காலியில் பேச்சில்லாமல் இருந்தபோதும், செத்துக் கிடந்த அந்தக் கையைத் தொட்டுவிட்டுத்தான் போனார்கள். சபையின் நூற்றைம்பதாண்டு வரலாற்றுப் புத்தகத்தில் அவருக்கு ஒன்பது பக்கம். தட்டச்சு செய்தவள் நெட்டி.

அவளுக்கு ஓர் அரிப்பு மட்டும் பாக்கி இருந்தது. ஏன் அக்டோபர்? ஆலயப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டாள். எவரெட்டின் ஞானஸ்நானம் ஜூன் மாதம், திருமணம் மே, இறந்தது பிப்ரவரி, பனி உருகி மண் இளகியபின் அடக்கம் ஏப்ரல். அக்டோபரில் ஒன்றுமே இல்லை.

"ஞாயிறைக் கேட்டுச் சண்டை போடுறீங்களே, முதல்ல பூவுக்கான சீட்டை ஒழுங்கா நிரப்பத் தெரியுதா?" நெட்டி மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டுச் சீட்டுகளை ஆர்டிஸ் முன்னால் போட்டாள். "'நினைவாக'ன்னு ஒரு கட்டம், 'நன்றியாக'ன்னு ஒரு கட்டம். பதினோரு வருஷமா 'நன்றியாக'ன்னே டிக் போட்டுக் கொடுக்கிறீங்க. எவரெட் மானத்தைக் காப்பாத்த நான்தான் சத்தமில்லாம 'நினைவாக'ன்னு மாத்தி ஆராதனைத் தாள்ல அச்சடிக்கிறேன்!"

லோரெய்ன் விடுவாளா? "புருஷன் இருக்காரா போயிட்டாரான்னே தெரியல. இவங்களுக்கு ஞாயிறு வேணுமாம்!"

ஆர்டிஸின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. "லோரெய்ன், வெளிய போ."

அந்தக் குரலில் லோரெய்ன் போயே போய்விட்டாள். ஆர்டிஸ் கதவைச் சாத்தினாள்.

"பதினோரு வருஷம் நீ மாத்தினதைப் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படிச்சேன். ஏன் மாத்தினேன்னு கேட்டா நான் காரணம் சொல்லணுமே, அதனாலதான் கேட்கல." அவள் விரல்கள் தானாகவே கேட்காத இடது காதுக்குப் போயின. "இன்னைக்குச் சொல்றேன், கேட்டுக்கோ."

சொன்னது ஒரே வரி. நெட்டி சீட்டுக் கட்டை எடுத்து இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள்.

ஆர்டிஸ் வெளியே வந்து, "பீடத்துல ரெண்டு ஜாடி இருக்கு. ஒண்ணு உன் பொண்ணுக்கு, ஒண்ணு எனக்கு" என்று லோரெய்னிடம் சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். எல்லோரும் அதை நெட்டியின் சாமர்த்தியம் என்றார்கள்.

கார்லியின் கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது. மறுநாள் ஒரு ஜாடியில் வெள்ளை ரோஜா, மற்றதில் ஆர்டிஸ் வழக்கமாக வைக்கும் சூரியகாந்தி. ஆராதனைத் தாளில் இரண்டுமே 'நன்றியாக' என்று அச்சாகியிருந்தது.

"எவரெட்டுக்குப் போய் இப்படித் தப்பா போட்டுட்டியே, கண்ணாடியை மாத்து நெட்டி" என்று வழிமறித்தவர்கள் இருபது பேராவது இருக்கும். வாங்கிய திட்டைத் திருப்பிக் கொடுக்காமல் ஒருநாளும் வீட்டுக்குப் போகாத நெட்டி, "ஆமா, மாத்தணும்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வசந்தத்தில் ஆர்டிஸ் வீட்டை விற்றுவிட்டு அரிசோனாவில் தங்கையோடு போய் இருந்துகொண்டாள். வரலாற்றுப் புத்தகத்தின் மறுபதிப்பில் எவரெட்டுக்கு மூன்றே வரி. கேட்டவர்களிடம் இடமில்லை என்றாள் நெட்டி.

வயிற்றில் எதுவும் தங்காத நெட்டி, சாத்திய கதவுக்குள் ஆர்டிஸ் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் வெகுகாலம் வெளியே விடவில்லை.

"அவரோட வலது கை விழுந்துபோன ஞாயிறு அது, நெட்டி."